‘டெலி’யும் ‘தொலை’யும்: ஒரு சொல்லுறுப்பின் கதை

அண்மையில் கொட்டாஞ்சேனையிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்றில் உயர்தர வகுப்பு மாணவர்களுடன் பத்திரிகைத் தமிழ் பற்றி உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. உரையாடல் முடியும் தறுவாயில் மாணவர் ஒருவர் எழுந்து, “டெலிபோன், டெலிவிஷன் என்பவற்றில் வருகின்ற ‘டெலி’ எங்களுடைய ‘தொலை’யிலிருந்து போனதுதானே, சேர்?” என்று கேட்டார். அவரது குரலில் ஐயம் இருக்கவில்லை. ஆமோதிப்பை எதிர்பார்க்கும் நிச்சயமே இருந்தது. ஏனைய மாணவர்களும் தலையசைத்தனர். ‘இல்லை’ என்று நாம் கூறியபோது அந்த முகங்களில் தோன்றிய ஏமாற்றம் இலகுவில் மறக்கக்கூடியதன்று.

மணி அடித்துவிட்டதால் அன்று விளக்கம் கூற அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அந்த ஒரு மாணவருக்கு மட்டும் உரியதல்ல. மேடைகளிலும் நூல்களிலும் மின்னஞ்சல்களிலும் இந்தக் கருத்து பல காலமாக உலாவி வருகின்றது. ஓசை ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். எனவே இந்தச் சொல்லுறுப்பு எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, தமிழில் எவ்வாறு ‘தொலை’ ஆயிற்று என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

கிரேக்கத்தில் பிறந்த சொல்

‘டெலி’ என்பது ஆங்கிலச் சொல்லன்று. பண்டைய கிரேக்க மொழியில் ‘தேலே’ என்பது ‘தொலைவில்’, ‘சேய்மையில்’ எனப் பொருள்படும் ஒரு வினையடை. ஹோமரின் காவியங்களிலேயே அது வழங்குகின்றது. ஒடிசியஸின் மகனுக்கு இட்ட பெயரிலும் அது இருக்கிறது. தெலமாக்கஸ் என்ற அப்பெயரில் ‘மாக்கே’ என்றால் போர். தொலைவில் போர் புரிபவன் என்பது பெயரின் பொருள். தந்தை திரோய் நகரத்துப் போருக்குச் சென்று இருபது ஆண்டுகள் வீடு திரும்பாதிருக்க, அவர் உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்று அறியாமல் வளர்ந்த பிள்ளை அவன். போரும் தொலைவும் ஒரு பிள்ளையின் பெயரில் ஒன்றுசேர்ந்து நிற்பதன் பொருளை எமது வாசகர்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அந்தப் பழஞ்சொல் புதுக் கருவிகளுக்குப் பெயராகத் தொடங்கியது பதினேழாம் நூற்றாண்டில். 1611 ஆம் ஆண்டு கலிலியோவைக் கௌரவிக்க ரோம் நகரில் ஒரு விருந்து நடைபெற்றது. அவருடைய கருவிக்கு ‘டெலஸ்கோப்’ என்ற பெயர் வழங்கியது அவ்விருந்திலேயாகும். பெயரைப் புனைந்தவர் தெமிசியானி என்ற கிரேக்க அறிஞர். ‘ஸ்கோப்பெய்ன்’ என்றால் நோக்குதல். ஆகவே அது தொலைநோக்கி.

அடுத்து வந்தது ‘டெலிகிராப்’. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குளோட் ஷாப் என்பவர் உயர்ந்த கோபுரங்களின் மீது மரக் கைகளைப் பொருத்தி, அவற்றை வெவ்வேறு கோணங்களில் அசைத்துச் செய்தி அனுப்பும் முறையொன்றை உருவாக்கினார். 1794 இல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையில் அது இயங்கத் தொடங்கியது. அதில் மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. ஷாப் தன் கருவிக்கு ‘விரைவாக எழுதுவது’ என்ற பொருளிலேயே முதலில் பெயரிட எண்ணினார். ‘தொலைவில் எழுதுவது’ என்பதே பொருத்தம் என்று நண்பர் ஒருவர் திருத்தினார். விரைவு தோற்றுத் தொலைவு வென்றது. அரை நூற்றாண்டின் பின்னர், 1844 இல் மோர்ஸ் வொஷிங்டனுக்கும் போல்டிமோருக்கும் இடையில் மின்கம்பி வழியே செய்தி அனுப்பியபோது அதே பெயரே அதற்கும் நிலைத்தது.

இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே முதலாவது தந்தி இணைப்பு 1858 இல் ஏற்பட்டது. அதற்கு முன்னர், காலித் துறைமுகத்தில் கப்பல் கொண்டுவந்து சேர்க்கும் வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து கொணர ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்தச் சொல்லுறுப்பின் மீது ஒரு தனிப் பிரியம் இருந்தால் அது வியப்பன்று.

‘டெலிபோன்’ என்பது தொலைவு, குரல் என்ற இரு சொற்களின் சேர்க்கை. கிரஹம் பெல் 1876 இல் காப்புரிமை பெறுவதற்கு முன்னரே, 1861 இல் ஜேர்மனியரான பிலிப் ரைஸ் தனது கருவிக்கு இப்பெயரைச் சூட்டியிருந்தார். 1882 இல் மயர்ஸ் என்ற ஆங்கிலேயர் ‘டெலிபதி’ என்ற சொல்லை ஆக்கினார். 1900 இல் பாரிஸ் கண்காட்சியை ஒட்டி நிகழ்ந்த மாநாடொன்றில் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் ‘டெலிவிஷன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1904 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் எஸ்தோனியே ‘தொலைத்தொடர்பு’ என்பதற்கான சொல்லை ஆக்கினார்.

இச்சொற்கள் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன என்று எண்ண வேண்டாம். 1850களில் ‘டெலிகிராம்’ என்ற சொல் தோன்றியபோது, கிரேக்க இலக்கண முறைக்கு அது பிழையென்று கேம்பிரிஜ் அறிஞர்கள் சண்டையிட்டனர். ‘டெலிவிஷன்’ பாதி கிரேக்கம், பாதி இலத்தீன் என்பதால் அதனால் நன்மை விளையாது என்று ‘மான்செஸ்டர் கார்டியன்’ ஆசிரியர் சி. பி. ஸ்கொட் கூறியதாக ஒரு கதை உண்டு. புதுச்சொல்லைக் கண்டு முகஞ்சுளிப்பது தமிழ்ப் புலவர்களுக்கு மட்டும் உரிய குணமன்று.

ஓசை ஒற்றுமை உறவாகாது

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ‘தேலே’யும் ‘தொலை’யும் ஒரே சொல்லாக ஏன் இருக்க முடியாது?

முதலாவது காரணம் கிரேக்கத்திலேயே இருக்கிறது. ‘ஐந்து’ என்பதற்குச் சமஸ்கிருதம் ‘பஞ்ச’ என்கிறது. இலத்தீன் ‘குவின்க்வே’ என்கிறது. ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கம் ‘பெந்தே’ என்கிறது. கிரேக்கத்தின் ஏயோலிக் என்ற கிளைமொழி ‘பெம்பே’ என்கிறது. இச்சொல்லின் நடுவே வரும் மெய்யைக் கவனியுங்கள். ஓரிடத்தில் ‘ச’கரமாகவும், ஓரிடத்தில் ‘க்வ’ என்றும், ஓரிடத்தில் ‘த’கரமாகவும், ஓரிடத்தில் ‘ப’கரமாகவும் அது நிற்கின்றது. இம்மொழிகளின் பொது மூதாதை மொழியில் அது ‘க்வ’ என்ற ஒலியாக இருந்தது என்பது மொழியியலாரின் முடிவு.

‘தேலே’க்கும் இதுவே நிகழ்ந்தது. ஏதென்ஸில் ‘தேலே’ என வழங்கிய அதே சொல், ஏயோலிக் கிளைமொழியில் ‘பேலுயி’ என்று ‘ப’கரத்தில் தொடங்குகின்றது. ஒரே சொல் ஓரிடத்தில் ‘த’கரமும் மற்றோரிடத்தில் ‘ப’கரமும் பெறுவது, அதன் பழைய முதலெழுத்து ‘க்வ’ என்பதற்கு அடையாளம். அதாவது, ‘டெலி’யின் முதலெழுத்து ஆதியில் ‘த’கரமே அன்று. தொலையோடு அதற்குள்ள ஓசை ஒற்றுமை, கிரேக்கத்தின் ஒரு கிளையில் பிற்காலத்தில் தற்செயலாக நேர்ந்தது.

இரண்டாவது காரணம் தமிழிலேயே இருக்கிறது. சங்க நூல்களில் ‘தொலைதல்’ பெரும்பாலும் கெடுதல், தோற்றல், அழிதல், குறைதல் ஆகிய பொருள்களிலேயே வருகின்றது. தலைவியின் அழகு தொலையும், பகைவரின் வலிமை தொலையும். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் இச்சொல் வரும் இடத்திலும், படை அழிந்து சுருங்குவதையே அது குறிக்கின்றது. தூரத்தைச் சொல்ல அக்காலப் புலவர்கள் கையாண்டவை ‘சேண்’, ‘சேய்மை’, ‘நெடுமை’ போன்ற சொற்கள். ‘தொலை’ தூரத்தைக் குறிப்பது பின்னர் பெருகிய வழக்கு. கண்ணுக்கு எட்டாமற் போவதும் இல்லாமற் போவதும் மனித மனத்திற்கு அருகருகே இருப்பதால் பொருள் அவ்வாறு நகர்ந்திருக்கலாம். அப்படியாயின், ஹோமர் காலத்திலேயே ‘தொலைவில்’ என்ற பொருளில் வழங்கிய கிரேக்கச் சொல்லுக்கு, அப்பொருள் பின்னர் பெருகிய தமிழ்ச்சொல் எவ்வாறு தாயாக முடியும்?

மூன்றாவது, கடன் போன சொல்லுக்கு ஒரு வழித்தடம் இருக்கும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் ஆங்கிலத்தில் உள்ள தமிழ்ச் சொற்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஏனெனில் பொருள் சென்றது, கப்பல் சென்றது, அவற்றோடு பெயரும் சென்றது. பயணிகளின் ஏடுகளில் அதற்குச் சான்று இருக்கிறது. ‘தொலைவில்’ என்ற அடிப்படைச் சொல்லை ஒரு மொழி கடல் கடந்து வந்து கடன் வாங்கும் தேவை அரிது. தற்செயல் ஒற்றுமைகளோ உலக மொழிகளில் ஏராளம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபாரம் என்ற ஆதிவாசி மொழியில் நாயின் பெயர் ‘டொக்’ என்பதாகும். ஆங்கிலத்திற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் காட்டியுள்ளனர்.

‘தொலை’ எவ்வாறு ‘டெலி’ ஆயிற்று?

அப்படியானால் பெருமைப்பட எமக்கு எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. ‘தொலை’ கிரேக்கத்திற்குப் போகவில்லை. ‘டெலி’ என்ற எண்ணக்கரு தமிழுக்கு வந்தபோது, அதனை ஏற்கத் தமிழிடம் தகுந்த சொல் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துச் செதுக்கியவர்களும் எம்மிடையே இருந்தனர்.

எல்லா மொழிகளும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. ஜேர்மன் மொழி ‘தொலைவு’ என்பதற்கான தன் சொல்லைக் கொண்டே தொலைக்காட்சிக்குப் பெயரிட்டது. ஹிந்தி ‘தூர்தர்ஷன்’ என்றது. சீன மொழி தொலைவைப் பற்றிக் கவலைப்படாமல், தொலைபேசியை ‘மின்பேச்சு’ என்றும் தொலைக்காட்சியை ‘மின்பார்வை’ என்றும் அழைக்கின்றது. ஐஸ்லாந்து மொழியினர் நூலைக் குறித்த பழஞ்சொல் ஒன்றை மீட்டுத் தொலைபேசிக்கு இட்டனர். எம் முன்னோர் டெலிகிராப்புக்குச் செய்ததும் அதுவே. ‘தந்தி’ என்றால் வீணையின் நரம்பு, கம்பி. தொலைவை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டனர். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் 1942 இல் மதுரையில் தொடங்கப்பட்ட ‘தினத்தந்தி’யின் பெயரில் அச்சொல் இன்னும் வாழ்கின்றது.

எமது சகோதர மொழியான சிங்களத்தின் வழி சுவையானது. தொலைபேசிக்கு ‘துரகதன’ என்கிறது. தூரக் கதை. பேசுவதைக் ‘கதைத்தல்’ என்று கூறும் இலங்கைத் தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் தொலைத்தொடர்புக்கு ‘விதுலி சந்தேஷ’ என்று மின்னலின் பக்கம் சாய்கின்றது. தொலைக்காட்சிக்கோ ‘ரூபவாஹினி’. உருவத்தைச் சுமந்து வருவது. 1982 இல் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது முதல் தமிழ் அறிவிப்புகளிலும் அது ஒரு பெயராக நிலைபெற்றுவிட்டது.

தமிழின் ஆக்கத்தில் கவனிக்கத்தக்கது ஈற்றில் நிற்கும் ‘இ’ என்ற விகுதி. பேசுவது பேசி, நோக்குவது நோக்கி, பெருக்குவது பெருக்கி. ஒரு வினையோடு இந்த ஓரெழுத்தைச் சேர்த்தால் கருவியின் பெயர் பிறந்துவிடுகிறது. கிரேக்கச் சொல் ‘தொலைக்குரல்’ என்று நின்றுவிட, தமிழ்ச் சொல் ‘தொலைபேசி’ என்று கருவிக்கே உயிர் கொடுத்தது. 1930களில் சுவாமி விபுலானந்தர் போன்றோர் சென்னையில் ஈடுபட்ட கலைச்சொல் முயற்சிகளும், தாய்மொழிக் கல்வி வந்தபின் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் இத்தகைய ஆக்கங்களுக்குப் பாதை அமைத்தன. பெருமைப்பட வேண்டிய உழைப்பு இதுவே.

வெள்ளவத்தையில் ஒரு சொல்லின் வாழ்வு

அகராதியில் பிறந்த சொல் மக்களிடையே எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் சாட்சிகள். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்கான தொலைபேசித் தொடர்பு நீண்டகாலம் அற்றிருந்தது. பிள்ளைகள் இலண்டனிலும் பாரிஸிலும் டொரொன்டோவிலும். பெற்றோர் வடக்கில். இரு சாராரும் குரலால் சந்திக்கும் இடம் கொழும்பாகவே இருந்தது. காலி வீதியின் இருமருங்கிலும், கொட்டாஞ்சேனையின் குறுக்குத் தெருக்களிலும் ‘கொமியூனிகேசன்’ எனப்பட்ட சிறு கடைகள் முளைத்தன. கண்ணாடிக் கூண்டுகள், நிமிடத்தைக் கணக்கிடும் கருவி, வெளியே வாங்கில் காத்திருக்கும் கூட்டம். வடக்கிலிருந்து பல நாட்கள் பயணம் செய்து வந்து, லொட்ஜில் தங்கி, மகனின் குரலைச் சில நிமிடங்கள் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் பலர்.

அத்தகைய கடையொன்றில் எமது முறைக்காகக் காத்திருந்த ஒரு மாலை நினைவில் இருக்கிறது. கூண்டுக்குள் வயதான அம்மா ஒருவர் உரத்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வெளியே கேட்டது. “அம்மா, மெதுவாகக் கதையுங்கோ, அவருக்குக் கேட்கும்” என்றார் கடைக்காரர். அவர் வாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, “அவன் எவ்வளவு துலையில இருக்கிறான், தம்பி!” என்றார். தொலைவு கூடினால் குரலும் கூட வேண்டும் என்பது அவரது கணக்கு.

‘துலை’ என்பது யாழ்ப்பாணப் பேச்சில் தூரம். “எவ்வளவு துலை?” என்றால் எத்தனை மைல் என்று பொருள். அதே வாய் ஒரு பொருளைக் காணாவிட்டால் “துலைஞ்சு போச்சு” என்றும் சொல்லும். தூரமும் இழப்பும் ஒரே சொல்லில் நிற்பதைச் சங்கப் புலவரிடமிருந்து அந்த அம்மா கற்கவில்லை. அவரது வாழ்க்கை கற்பித்தது. கிரேக்கரின் ‘தேலே’யில் தூரம் மட்டுமே உண்டு. எமது சொல்லில் மற்றதும் உண்டு. இதுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு.

அக்கடைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1989 இல் இலங்கைக்கு வந்த செல்லிடத் தொலைபேசி, அடுத்த இரு தசாப்தங்களில் எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது. இங்கும் ஒரு சொல் வேறுபாடு கவனத்திற்குரியது. தமிழகத்தில் அது கைபேசி, அலைபேசி, செல்பேசி. மூன்றிலும் ‘தொலை’ தொலைந்துவிட்டது. இலங்கைப் பத்திரிகைகளோ ‘கையடக்கத் தொலைபேசி’ என்று நீட்டி எழுதுகின்றன. சொற்சிக்கனத்தில் தமிழகத்தார் வென்றார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் தொலைவை இலகுவில் கைவிட மனமில்லாத ஒரு சமூகத்தின் வழக்காகவும் இதனைக் கொள்ளலாம்.

பொருள் மாறிய ‘டெலி’

ஆங்கிலத்தில் ‘டெலி’யின் பொருளும் இதற்கிடையில் மாறிவிட்டது. முதலில் அது தொலைவு. பின்னர் சில சொற்களில் அது தொலைக்காட்சி என்றே பொருள்படலாயிற்று. சிங்களத்தில் வழங்கும் ‘டெலி நாட்டிய’ தொலைவில் நடக்கும் நாடகமன்று, தொலைக்காட்சி நாடகம். ‘டெலிமார்க்கெட்டிங்’ என்பதில் அது தொலைபேசி. 2020 இல் கொவிட் பெருந்தொற்று வந்தபோது வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே மருத்துவ ஆலோசனை என்று பழைய பொருளான தொலைவு மீண்டும் முன்னுக்கு வந்தது.

மாணவர்கள் ஏமாறக்கூடிய போலிகளும் உண்டு. மெய்யியலில் வரும் ‘டெலியோலஜி’யில் இருப்பது ‘தேலே’ அன்று. முடிவு, நோக்கம் என்று பொருள்படும் ‘தெலொஸ்’ என்ற வேறு சொல். உயிரியலில் ‘டெலியொஸ்ட்’ எனப்படும் மீன்கள் தொலைவில் வாழ்பவை அல்ல. முழுமையான என்புகளை உடையவை என்பதே பெயரின் கருத்து. ‘டெலி என்றால் தொலை’ என்று மனனம் மட்டும் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நோக்கவாதத்தைத் ‘தொலையியல்’ என்று எழுதிவிட்டால், அதனைப் படிக்கும் மாணவர் பரீட்சையில் எதை எழுதுவார்?

இது வெறும் வேடிக்கையன்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டம் கிடைத்தது. ஆனால் கொழும்பு வீதிகளின் பெயர்ப்பலகைகளிலும் படிவங்களிலும் அறிவித்தல்களிலும் காணும் தமிழைப் பார்ப்பவர்களுக்கு, சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும். அத்தூரத்தைக் குறைப்பவர்கள் சொற்களைப் பிரித்துப் பொருள் காணத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும் ஆசிரியர்களுமே ஆவர். உலகின் சொற்களெல்லாம் எம்மிடமிருந்தே சென்றன என்று நம்பும் மாணவர், அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையை உணரமாட்டார். கல்லாமலே கற்றுவிட்டதாக எண்ணுவது கல்லாமையிலும் தீது.

கொட்டாஞ்சேனை மாணவருக்கு நாம் கூற விரும்புவது இதுதான். ஆங்கிலப் பாடத்தில் புதிய சொல்லொன்றைக் கண்டால் அதன் உறுப்புகளைப் பிரித்துப் பாருங்கள். அதற்கு நிகரான தமிழ்ச் சொல்லையும் பிரித்துப் பாருங்கள். இரண்டும் எங்கே ஒத்துப் போகின்றன, எங்கே பிரிகின்றன என்று குறித்து வையுங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. அகராதிகள் அங்கே உள்ளன. அந்த மாலை வகுப்பில் ஏமாற்றத்தோடு அமர்ந்த அம்மாணவர் ஒரு நாள் அங்கு சென்று, நாம் எழுதியது சரியா பிழையா என்று தானே தேடிப் பார்ப்பாராயின், எமது ‘இல்லை’ வீணாகவில்லை என்று மகிழ்வோம்.